காணாமல் போகாத ஆண்டுகள்: ‘தி தார்ன் பேர்ட்ஸ்’ தொடரும் 13 ஆண்டு கழித்து வந்த அதன் தொடர்ச்சியும்

1983 மார்ச் 27 முதல் 30 வரை, நான்கு இரவுகள், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘தி தார்ன் பேர்ட்ஸ்’ என்ற குறுந்தொடர் ஓடியது. அப்புறம் 1996 பிப்ரவரி 11, 13 ஆகிய இரண்டு இரவுகளில், இந்த முறை சிபிஎஸ்ஸில், ‘தி தார்ன் பேர்ட்ஸ்: தி மிஸ்ஸிங் இயர்ஸ்’ வந்தது. முதல் தொடரின் முடிவில் நாயகன் செத்தாயிற்று, அவனுடைய மகனும் செத்தாயிற்று, நாயகிக்குத் தலை நரைத்தாயிற்று. இதற்கு மேல் தொடர்ச்சியை எங்கே கொண்டு போய் வைப்பது? நடுவில் வைத்தார்கள். முதல் தொடர் சுமார் 19 ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்து போயிருந்தது, அந்த இடத்தில் ஒரு புதுக் கதையைச் செருகினார்கள். அது ஏன் நிற்கவில்லை என்பதுதான் இங்கே விஷயம். இரண்டு தொடர்களின் முடிவுகளையும் ஒளிக்காமல் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் அதற்குத் தயாராக இருங்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. காலின் மெக்கல்லோ 1977-ல் எழுதிய நாவல்தான் மூலம். ஆஸ்திரேலியாவில் ட்ரோகெடா என்கிற பெரிய ஆட்டுப் பண்ணை, அதன் சொந்தக்காரி மேரி கார்சன் என்கிற கிழவி, அவருடைய தம்பி பேடியின் ஏழைக் குடும்பம், அந்தக் குடும்பத்துக் குட்டிப் பெண் மெகி. பக்கத்துக் கிராமக் கோயிலில் ரால்ஃப் என்ற பாதிரியார், அழகர், கெட்டிக்காரர், மேலே போக வேண்டும் என்ற வெறி உள்ளவர். மெகி வளர்கிறாள், காதல் வளர்கிறது, அவர் குருத்துவத்தை விடவில்லை. அவள் ரால்ஃபின் சாயல் உள்ள லூக் என்பவனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் அவளை ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போய்விடுகிறான். ஜஸ்டின் என்று ஒரு மகள் பிறக்கிறாள். பிறகு மேட்லாக் தீவில் ரால்ஃபும் மெகியும் சில நாட்கள் சேர்ந்திருக்கிறார்கள், அதில் டேன் பிறக்கிறான். அவன் தன் மகன் என்பது ரால்ஃபுக்குத் தெரியாது. டேன் வளர்ந்து தானும் பாதிரியாராகிறான், கிரேக்கக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விடுகிறான். அதன் பிறகுதான் மெகி உண்மையைச் சொல்கிறாள். ரால்ஃப் அந்தத் துக்கத்திலேயே, அவள் பக்கத்தில், ட்ரோகெடாவில் கண்ணை மூடுகிறார்.

இதை ‘பாதிரியார் காதல் கதை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. முதல் தொடரின் உண்மையான மோதல் காதலுக்கும் வார்த்தைப்பாட்டுக்கும் (பாதிரியார் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி) நடுவில் இல்லை, காதலுக்கும் பதவி ஆசைக்கும் நடுவில் இருக்கிறது. அதை நிறுவுகிற இடம் உயில் காட்சி. மேரி கார்சன் சாகும் முன் ரால்ஃபின் கையில் ஒரு புதிய உயிலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதை வெளியே காட்டினால் 1 கோடியே 30 லட்சம் பவுண்டு சொத்து திருச்சபைக்குப் போகும், அதை நிர்வகிக்கப் போவது ரால்ஃப், கூடவே ரோமின் கதவும் திறக்கும். கிழித்துப் போட்டால் பண்ணை மெகியின் அப்பாவுக்கு. யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ராத்திரி அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது நமக்குத் தெரியும், தனக்கு என்ன விலை என்பது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. இதற்கு அப்புறம் வரும் ஒவ்வொரு பிரிவும் இந்தக் கணக்கின் வட்டிதான்.

மேரியாக நடித்தவர் பார்பரா ஸ்டான்விக், அப்போது அவருக்கு வயது 75-ஐ ஒட்டி. உடம்பு கிழடாகிப் போயும் ஆசை கிழடாகவில்லை என்று அந்தக் கிழவி ரால்ஃபிடம் வெடிக்கிற காட்சி ஒன்று போதும், தொலைக்காட்சிக் காதல் தொடர் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களை உட்கார வைக்க. அந்த ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது அவருக்குப் போனது. பேடியாக வந்த ரிச்சர்ட் கைலிக்கும், மெகியின் அம்மா ஃபீயாக வந்த ஜீன் சிம்மன்ஸுக்கும் துணை வேடங்களுக்கான எம்மி. கவனித்தால், பரிசு வாங்கியவர்கள் மூவரும் மூத்தவர்கள், காதல் ஜோடி அல்ல. தொடரின் பலம் எங்கே இருந்தது என்று அதிலேயே தெரிகிறது.

பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அதுவரை வந்த அமெரிக்கக் குறுந்தொடர்களில் 1977-ன் ‘ரூட்ஸ்’ தொடருக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இரண்டையும் தயாரித்தவர் டேவிட் வோல்பர். ஒளிபரப்பைத் தொடங்கிய நாள் குருத்து ஞாயிறு, அதாவது ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு. புனித வாரத்தில் ஒரு பாதிரியார் தன் வார்த்தைப்பாட்டை மீறும் கதையை வீட்டுக்கு வீடு காட்டினால் கத்தோலிக்கர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவில்லை. அந்தச் சலசலப்பும் கூட்டத்தைக் கூட்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஆஸ்திரேலியக் கதையை எடுத்தது கலிபோர்னியாவின் சிமி பள்ளத்தாக்கிலும் ஹவாயிலும். முக்கிய வேடங்களில் ஆஸ்திரேலியர் என்று சொல்ல லூக்காக வந்த பிரையன் பிரவுன்தான் இருந்தார். மற்றவர்கள் பேசுகிற ஆங்கிலம் எந்த ஊருடையது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மெக்கல்லோவுக்கே இந்தத் தொடர் பிடிக்கவில்லை, அதை அவர் மறைத்ததும் இல்லை.

அந்த 19 ஆண்டுகள் என்ன வேலை செய்கின்றன

முதல் தொடர், மேட்லாக் தீவுக்குப் பிறகு, மெகி லூக்கை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு ட்ரோகெடாவுக்குத் திரும்பிய பிறகு, ஒரே எட்டில் இரண்டாம் உலகப் போரையும் தாண்டி நிற்கிறது. ரால்ஃப் இப்போது கர்தினால், போப்புக்கு அடுத்த படி. பண்ணைக்கு வருகிறார். அங்கே ஒரு இளைஞன், டேன். வந்தவருக்கு அவன் யார் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனம் இடம் கொடுக்கவில்லை. மெகிக்கு எல்லாம் தெரியும். திருச்சபையிடமிருந்து நான் திருடியது இது ஒன்றுதான் என்று இத்தனை வருடம் பொத்தி வைத்திருந்தாள், அந்த மகனே வந்து நான் குருத்துவத்துக்குப் போகிறேன் என்கிறான்.

இந்த இடம் வேலை செய்வதற்குக் காரணம் அந்த இடைவெளிதான். நாமும் ரால்ஃபைப் போலவே அந்த ஆண்டுகளைப் பார்க்கவில்லை. பிள்ளை எப்போது பல் முளைத்தான், எப்போது நடந்தான், யாரிடம் அடி வாங்கினான் என்று ரால்ஃபுக்கு ஒன்றும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிறகு டேன் ரோமுக்குப் போய் அவர் நிழலில் படிக்கிறான், குருப்பட்டம் வாங்கும்போது தரையில் முகம் குப்புறக் கிடக்கிறான், அவர் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய குருவும் நண்பருமான விட்டோரியோ அதற்குள் விஷயத்தை ஊகித்துவிடுகிறார். ரால்ஃப் மட்டும் ஊகிக்கவில்லை. ஒரு மனிதன் தன் கண் முன்னால் இருப்பதைப் பார்க்க மறுக்க வேண்டுமானால், அவன் அத்தனை காலம் அங்கே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். வராமல் இருந்தது ரால்ஃப் செய்த குற்றம், அதற்கான தண்டனைதான் கடைசிப் பகுதி முழுவதும். காட்டாமல் விட்ட 19 ஆண்டுகள் அந்தக் கதைக்குள்ளேதான் இருந்தன.

நாவலில் இந்த ஆண்டுகளைத் தாண்டிப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே ஒரு பகுதியே 1938 முதல் 1953 வரை ஓடுகிறது. அதில் போர் இருக்கிறது, ஜெர்மானியர் பிடியில் இருந்த ரோம் இருக்கிறது, வத்திக்கானில் ரால்ஃப் இருக்கிறார். புனித பேதுரு பேராலயத்தில் அவர் ஒரு இளம் ஜெர்மன் சிப்பாயைச் சந்திக்கிறார். அந்தப் பையன்தான் ரெய்னர், பின்னாளில் ஜஸ்டினைக் கட்டப் போகிறவன். அருமையான காட்சி அது. 1983 தொடர் இதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே தொடர்ச்சி எடுக்கப் போகிறவர்களுக்கு அசல் ஆசிரியரே எழுதி வைத்த சரக்கு கையில் இருந்தது. எடுத்தார்களா என்று கேட்டால், போரை எடுத்துக்கொண்டார்கள், மற்றதைப் புதிதாகக் கட்டினார்கள்.

தொடர்ச்சி செய்தது

‘மிஸ்ஸிங் இயர்ஸ்’ கதை இப்படிப் போகிறது. போர்க்கால ரோமில் ரால்ஃப் அகதிகளுக்கு உதவுகிறார். பிறகு திருச்சபை வேலையாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்படுகிறார். ட்ரோகெடாவில் வறட்சி. மெகி பண்ணையைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கிறாள், குழந்தைகள் இன்னும் சின்னவர்கள். லூக் திரும்பி வருகிறான், மகன்மேல் உரிமை கொண்டாடுகிறான். ரால்ஃபும் வந்து சேர்கிறார், பழைய நெருப்பு பற்றிக்கொள்கிறது, மறுபடியும் அதே கேள்வி: மெகியா, திருச்சபையா?

இங்கேதான் சிக்கல். பதில் நமக்கு 1983-லேயே தெரியும். ரால்ஃப் திருச்சபையை விடப் போவதில்லை, ஏனென்றால் பின்னால் அவர் கர்தினாலாக வர வேண்டும். டேன் அம்மாவிடம்தான் வளர வேண்டும், ஏனென்றால் அங்கிருந்துதான் அவன் ரோமுக்குப் போகிறான். ரால்ஃபுக்கு உண்மை தெரியக் கூடாது, மெகி சொல்லவும் கூடாது. நடுவில் செருகிய கதை எவ்வளவு ஆட்டம் ஆடினாலும், கடைசியில் எல்லாப் பொருளையும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். மூன்று மணி நேரம் பார்த்த பிறகு யாரும் எங்கேயும் நகர்ந்திருக்க மாட்டார்கள், நகர அனுமதியே இல்லை. கதையை எழுதிய டேவிட் ஸ்டீவன்ஸ் சாதாரண ஆள் இல்லை, 1980-ல் வந்த ‘பிரேக்கர் மொரன்ட்’ படத்தின் திரைக்கதையில் பங்கு அவருக்கு உண்டு. ஆனால் இந்தக் கட்டுக்குள் யார் எழுதினாலும் இவ்வளவுதான் வந்திருக்கும்.

அப்படியும் பொருள்கள் எடுத்த இடத்தில் போய் உட்காரவில்லை. முதல் தொடரில் வளர்ந்த டேனை ரால்ஃப் முதல் முறையாகப் பார்க்கிறார், தொடர்ச்சியில் சிறுவன் டேனோடு பழகுகிறார். முதல் தொடரில் மெகி விட்டுவிட்டு வந்த லூக்குக்கு டேன் யாரென்றே தெரிய வாய்ப்பில்லை, தொடர்ச்சியில் அவன்தான் வழக்கே. முதல் தொடரில் மேட்லாக் தீவுக்கும் அந்த நீண்ட பிரிவுக்குப் பின் வரும் சந்திப்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, தொடர்ச்சியில் ஒரு முழுக் காதல் அத்தியாயமே இருக்கிறது. இதெல்லாம் நுணுக்கம் தேடும் ரசிகர்களின் குறும்பு என்று ஒதுக்கிவிடலாம், நானும் சாதாரணமாக இந்த மாதிரிப் பிழைகளைக் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் இங்கே பிழை விழுந்திருப்பது கதையின் முதுகெலும்பில். சிறு வயது டேனைப் பக்கத்தில் இருந்து பார்த்த, அவன் பிறந்த காலத்தைக் கணக்குப் போடத் தெரிந்த, பாவசங்கீர்த்தனம், அதாவது மக்களின் பாவ அறிக்கை, கேட்டே காலம் தள்ளிய ஒரு மனிதர் பிறகு இன்னும் எத்தனையோ ஆண்டுகள் ஒன்றும் புரியாமல் இருந்தார் என்றால், அவர்மேல் இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய குறை. தொடர்ச்சியின் ரால்ஃப் நல்லவர். போரில் உயிர்களைக் காப்பாற்றுகிறார், மேலிடத்தை எதிர்த்துப் பேசுகிறார், மெகிக்காக உருகுகிறார். அந்த உயிலை வெளியே எடுத்த ரால்ஃப் எங்கே? காதலிக்கிற பெண்ணின் குடும்பச் சொத்தைக் கொடுத்துத் தன் ஏணியை வாங்கிய ஆள், அதை நினைத்துக் கூசவும் செய்கிற ஆள், அந்த இரண்டும் கலந்தவர்தான் சுவாரசியமானவர். அவரிடமிருந்து ஆசையைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது அங்கி போட்ட ஒரு சோகமான அழகர். தொடர்ச்சி முழுக்க அவரைத்தான் பார்க்கிறோம்.

முகங்கள்

பழைய நடிகர்களில் திரும்பி வந்தவர் ரால்ஃபாக நடித்த ரிச்சர்ட் சேம்பர்லின் ஒருவர்தான். ‘டாக்டர் கில்டேர்’ காலத்திலிருந்து தெரிந்த முகம், 1980-ன் ‘ஷோகன்’, பிறகு இது, குறுந்தொடர்களின் ராஜா என்று அவரைச் சொன்னதில் மிகை இல்லை. 2025 மார்ச்சில், 90 வயதில் இறந்தபோதும் அஞ்சலிகளில் முதலில் வந்த பெயர்களில் ரால்ஃப் ஒன்று. அவர் பிறந்தது 1934-ல். முதல் தொடர் எடுக்கும்போது வயது 48 சொச்சம். அந்த வயதில் அவர் துடிப்பான இளம் பாதிரியாராகவும், ஒப்பனை போட்டுத் தள்ளாடும் கர்தினாலாகவும் நடித்தார். கதையில் ரால்ஃபுக்கு ஏறக்குறைய 50 ஆகிற போர்க்காலம்தான் ஒப்பனையே வேண்டாத காலம், அதைத்தான் தாண்டிப் போனார்கள். அந்த வயதைத் தேடிக்கொண்டு 1996-ல் திரும்பி வந்தபோது நடிகருக்கு 61. ஆக, கதைப்படி இளையவர், முகத்தைப் பார்த்தால் பழைய தொடரின் கிழ ரால்ஃபுக்குப் பக்கத்தில். அடுத்தடுத்துப் பார்த்தால் மனிதர் முன்னும் பின்னும் வயதாகிறார்.

மெகியாக ரேச்சல் வார்டுக்குப் பதில் அமாண்டா டோனஹோ. இதில் எனக்குப் பெரிய புகார் இல்லை, சொல்லப்போனால் பாராட்டு. வார்டு 25 வயதில் பதின்ம வயதுப் பெண்ணிலிருந்து வளர்ந்த பிள்ளைகளின் தாய் வரை நடிக்க வேண்டியிருந்தது. இளமைக் காட்சிகளில் அவரிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது, நரைமுடி வந்த பிறகு பள்ளி நாடகத்தில் பாட்டி வேடம் போட்ட பெண்ணைப் போல இருக்கிறார். டோனஹோவுக்கு 33, மெகியின் அந்த வயதுக்குச் சரியான முகம், வெயிலில் நிற்கத் தெரிந்த உடம்பு, ஆண்களைப் பார்த்துச் சலித்த பார்வை. அவருக்கும் சேம்பர்லினுக்கும் நடுவில் மட்டும் ஒன்றும் பற்றவில்லை. வார்டுக்கும் திரையில் கணவனாக வந்த பிரையன் பிரவுனுக்கும் படப்பிடிப்பிலேயே பற்றிக்கொண்டு அதே 1983-ல் கல்யாணம் ஆனது வேறு கதை.

விட்டோரியோவாக கிறிஸ்டோபர் பிளம்மர் இருந்த இடத்தில் மாக்சிமிலியன் ஷெல். சரி, கனத்துக்குக் கனம். ஃபீயாக ஜூலியா பிளேக், லூக்காக சைமன் வெஸ்ட்அவே. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடிகர்களை மாற்றியதுதான் தொடர்ச்சியைக் கெடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே 1983-ல், அதே ஏபிசியில், சில வாரங்கள் முன்னால் ‘தி விண்ட்ஸ் ஆஃப் வார்’ வந்தது. அதன் தொடர்ச்சி ‘வார் அண்ட் ரிமெம்ப்ரன்ஸ்’ 1988-ல் தொடங்கியபோது ராபர்ட் மிட்சம் போன்ற சிலர் இருந்தார்கள், நாயகி அலி மெக்ரா போய் ஜேன் சீமோர் வந்தார், யூதப் பேராசிரியராக ஜான் ஹவுஸ்மன் போய் ஜான் கில்கட் வந்தார். யாருக்கும் உறுத்தவில்லை, சிறந்த குறுந்தொடருக்கான எம்மியும் கிடைத்தது. காரணம் எளிது. அங்கே சொல்ல வேண்டிய கதை பாதியில் நின்றிருந்தது, போர் இன்னும் முடியவில்லை, மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. மெகியும் ரால்ஃபும் என்ன ஆனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

தொடர்ச்சிக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அது ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்டது. இயக்குநர் கெவின் ஜேம்ஸ் டாப்சன் அந்த ஊர்க்காரர். அந்த மண், அந்த வெளிச்சம், காய்ந்து வெடித்த நிலம், இதெல்லாம் முதல் தொடரில் கிடைக்காதது. மெகி அங்கே காதலுக்காகக் காத்திருப்பவளாக இல்லாமல் பண்ணைக்காரியாக இருக்கிற காட்சிகள்தான் இரண்டு இரவுகளிலும் உயிரோடு இருப்பவை. லூக்கையும் வில்லனாக நிறுத்தாமல் சட்டப்படி தந்தையாக, உரிமை கேட்டு வருகிறவனாக யோசித்தது நல்ல யோசனை. ஊர் பார்வையில் டேன் அவன் பிள்ளைதானே? அதை மறுக்க வேண்டுமானால் மெகி உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்னால் ரால்ஃப் காலி. இந்த முடிச்சு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, ரால்ஃபை ரோமிலேயே விட்டுவிட்டு, ஒரு தொடர் எடுத்திருக்கலாம். அவள் தனியாக, யாரிடமும் சொல்ல முடியாமல், லூக்கிடம் போராடியிருப்பாள். முதல் தொடரின் ஒரு காட்சியும் சேதமாகியிருக்காது, டேனைத் திருச்சபைக்குக் கொடுக்கும்போது அவள் படும் வேதனைக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

ஆனால் சேம்பர்லின் இல்லாமல் அதை எந்தச் சேனல் வாங்கியிருக்கும்? அதுதான் நடைமுறை. 1983-ல் மூன்று பெரிய சேனல்கள்தான், எட்டு மணி நேரத் தொடரை நாலு இரவு பரப்பினால் ஊரே உட்கார்ந்து பார்க்கும். 1996-க்குள் கேபிள் வந்து கூட்டத்தைப் பிரித்துவிட்டது. பிப்ரவரி, பார்வையாளரை எண்ணி விளம்பர விலை வைக்கிற மாதங்களில் ஒன்று. அந்த மாதத்தில் தெரிந்த பெயர், தெரிந்த முகம் இரண்டையும் இரண்டு இரவுக்குக் கொண்டு வருவது பாதுகாப்பான வியாபாரம். 1994-லேயே சிபிஎஸ் ‘ஸ்கார்லெட்’ என்று இன்னொரு பழைய காதல் கதைக்குத் தொடர்ச்சி ஓட்டியிருந்தது. காதலர் சேர வேண்டும், பழைய நடிகர் வேண்டும், முடிவைத் தொடக் கூடாது: இந்த மூன்று நிபந்தனைகளையும் ஒன்றாக வைத்தால் வருவது ‘மிஸ்ஸிங் இயர்ஸ்’ மாதிரி ஒன்றுதான்.

இரண்டையும் பார்க்க உட்காருகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலவரிசைப்படி பார்க்கிறேன் என்று 1996-ஐ எடுத்து 1983-ன் நடுவில் செருகாதீர்கள். அப்படிப் பார்த்தால் கர்தினால் ரால்ஃப் பண்ணைக்கு வந்து வளர்ந்த டேனைப் புதிதாகப் பார்க்கிற காட்சியில் சிரிப்பு வந்துவிடும், அங்கே சிரித்தவர்கள் கடைசிப் பகுதியில் அழ மாட்டார்கள். முதலாவதை முழுசாக முடித்துவிட்டு, சில மாதம் விட்டு, டோனஹோவுக்காகவும் அந்த நிலத்துக்காகவும் இரண்டாவதைப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் இரண்டாவதை விட்டுவிட்டு நாவலில் ரோம் அத்தியாயங்களைப் படித்துவிடுங்கள்.